விண்ணரசி மாட்ட மறுத்த ஒயர்

பாபநாசத்தில் கும்பகோணம் சாலையை ஒட்டி இருந்த அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விண்ணரசி கொட்டகை எங்கே என்று கேட்டால் போதும், பஸ்ஸிலிருந்து இறங்குகிற யாரும் கை காட்டுவார்கள். காட்டிவிட்டு, அந்தம்மா வாய்க்கு முன்னால் நிற்க முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். சொல்லட்டுமே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆறு வருஷத்தில் அவள் கட்டிக் கொடுத்த ஒயர் ஒன்றுகூட நடுவழியில் புகைந்ததில்லை என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டுமா இல்லையா? அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

பூண்டி பக்கத்தில் ஒரு சிறிய கிராமம் அவளுக்கு. பத்தாவது முடித்த கையோடு பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வயல்களில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். கருகிய செம்பைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுச் செம்பைச் சுற்ற வேண்டும். எண்ணிக்கையில் பிசகினால் மோட்டார் சூடேறிவிடும்; மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒன்பது வருஷம் செம்போடே கிடந்தாள். எந்தக் கம்பி எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. தாங்காமல் எரிந்ததையெல்லாம் தன் கையால் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள்.

ஜெரால்ட் அவளைக் கட்டிக்கொண்டபோது லாரி, பஸ்களுக்கு ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் அவனுக்குச் சோறு கொண்டுபோனவள், அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு டைனமோவைப் பிரித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அதைக் கட்டியும் வைத்தாள். அவன் கட்டியதைவிட நன்றாக இருந்தது. அதை அவனே எல்லோரிடமும் சொன்னான். நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. தொண்ணூற்றேழில் இருவருமாகச் சேர்ந்து கோவிந்தராசுவின் மனைக்கட்டில் சாலையோரமாக ஒரு கீற்றுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள்.

கோவிந்தராசு யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் பதினைந்து ஏக்கர், இரண்டு போர்வெல், அதோடு பாசன சங்கத் தலைவர். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஊர் வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை அவர்தான் சொல்வார். நியாயஸ்தர்தான், பொய்யில்லை. ஆனால் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் அறுபத்திரண்டு வயதுவரை அவரிடம் எட்டிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஜெரால்ட் சவுதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினான். ஏறுவதற்கு முன்னால், டூல்ஸையெல்லாம் விற்றுவிட்டுக் கொட்டகையை ஒப்படைத்துவிடு, நான் அனுப்புவதில் மகள் பிரின்ஸியைப் படிக்க வைத்துக்கொண்டு நிம்மதியாக இரு என்று சொல்லிவிட்டுப் போனான். சரி என்றாள். மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பூட்டைத் திறந்து, ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்தாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பொம்பளை ஒயர் கட்டினால் வண்டி நட்டாற்றில் நிற்கும் என்றார்கள். நிற்கட்டும், நின்றால் வந்து கட்டித் தருகிறேன் என்றாள்.

அந்த வருஷங்களில் சாலையே வேறு சாலையாகிவிட்டது. முன்பெல்லாம் அம்பாசிடர் இரண்டு, ஜீப் ஒன்று என்று விரல்விட்டு எண்ணலாம். சிங்கப்பூர், துபாய், சவுதி என்று போனவர்கள் அனுப்பியது முதலில் மாடி வீடாக எழும்பியது, பிறகு வாசலில் சுமோவாகவும் குவாலிஸாகவும் நின்றது, அதற்கும் பிறகு அந்த வண்டிகளுக்குள் பாட்டுப் பெட்டியாக ஏறியது. சின்னப் பெட்டியில் தொடங்கி, டிக்கி முழுக்க அடைக்கும் பெட்டிவரை வந்துவிட்டது. விண்ணரசி எல்லாவற்றையும் மாட்டினாள். மாட்டி முடித்ததும் பத்து நிமிஷம் பாட்டை ஓடவிட்டு, பேட்டரியிலிருந்து பெட்டிவரைக்கும் ஒயரின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டே போவாள். எங்காவது கதகதவென்று இருந்தால் அத்தனையையும் உருவிப் போட்டுவிடுவாள். வண்டிக்காரன் அவசரப்பட்டால் திட்டும் விழும்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில், ஒரு வியாழக்கிழமை, கோவிந்தராசுவும் அவருடைய மகன் மதிவாணனும் புதுக் குவாலிஸில் வந்து இறங்கினார்கள். மதிவாணன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவன், ஒரு மாத லீவில் வந்திருந்தான். வருகிற புதன்கிழமை அவனுடைய மூன்று வயது மகனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. சொந்தபந்தமெல்லாம் வண்டிகளில் வரிசையாகப் போக, முன்னால் இந்தக் குவாலிஸ் பாட்டு முழங்கப் போக வேண்டும். அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் கொண்டுவந்திருந்தான். ஆம்ப்ளிபயர் ஒரு குழந்தையைத் தூக்குகிற கனம் இருந்தது. விண்ணரசிக்கு அதைப் பார்த்ததுமே ஆசையாகிவிட்டது. இவ்வளவு பெரிய உருப்படி அவள் கொட்டகைக்கு அதுவரை வந்ததில்லை.

ஒயர் எங்கே என்று கேட்டாள். கோவிந்தராசு வண்டிக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்து மேஜைமேல் போட்டார். அவருடைய போர்வெல் மோட்டாருக்குப் போட்டது போக மிச்சமிருந்த சிவப்பு ஒயர். நல்ல செம்புதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்த செம்பு பேனா ரீஃபில் கனம்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரி இருந்தது. இது தாங்காது ஐயா, கட்டைவிரல் பருமனுக்கு வேண்டும், கும்பகோணத்தில் வெல்டிங் மெஷினுக்குப் போடுகிற கேபிள் கிடைக்கும், அதுதான் இதற்குத் தோது என்றாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பியூஸும் போட வேண்டும் என்றாள்.

கோவிந்தராசு சிரித்தார். "ஏம்மா, இந்த ஒயருதான் அஞ்சு எச்.பி. மோட்டாரைத் தூக்கி ஓட்டுது. அஞ்சு ஏக்கருக்குத் தண்ணி கொண்டாந்து கொட்டுது. ஒரு பாட்டுப் பொட்டிய ஓட்டாதா?"

டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கேட்டால் சரியாகத்தானே படுகிறது? வயக்காட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய இயந்திரம் மோட்டார், அதற்குப் போதுமானது எதற்கும் போதும். பாட்டுப் பெட்டியென்ன, மோட்டாரைவிடப் பெரியதா?

விண்ணரசிக்கு அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் பிசகினாள். "ஐயா, மோட்டாருக்கு வர்ற கரண்டு நானூறு வோல்ட்டு. அது மேட்டுலேர்ந்து வேகமா விழுற தண்ணி, சின்னக் குழாயிலயே வேண்டிய அளவு வந்துடும். வண்டி பேட்டரி பன்னெண்டே வோல்ட்டு. அது கடைமடைத் தண்ணி, ஓட்டமே கிடையாது. அதுல இவ்வளவு பெரிய வயலை நனைக்கணும்னா வாய்க்காலை அகலமா வெட்டித்தாங்க ஆகணும்."

விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பாசன சங்கத் தலைவரிடம் போய் வாய்க்கால் வெட்டப் பாடம் சொன்னது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதையாகிவிட்டது. நாற்பது வருஷமாகக் கடைமடைக்காரனுக்கும் தலைமடைக்காரனுக்கும் நடுவில் நின்று தண்ணீருக்குப் பஞ்சாயத்துப் பேசியவர் அவர். டீக்கடைச் சிரிப்பு அவர் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. அவருடைய முகம் மாறிப்போனது. எனக்கே தண்ணீர்க் கணக்குச் சொல்கிறாயா என்று கேட்டார். சொன்ன ஒயரை மாட்டு, இல்லையென்றால் கொட்டகையைக் காலி செய், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சுருளை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார்.

கொட்டகை போனால் என்ன ஆகும் என்பது விண்ணரசிக்கு நன்றாகத் தெரியும். சாலையோரத்தில் அந்த மாதிரி இடம் மறுபடி அமையாது. அதைவிட, ஒயர் தெரியாதவள் என்று சொல்லித் துரத்தினார்கள் என்ற பேச்சு எழுந்தால், ஆறு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயரைத் திரும்ப எங்கே போய்ச் சேர்ப்பது? கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிவப்பு ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் அந்த ஒயர் போவது நடுசீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே. மேலே உட்காரப் போவது மூன்று வயதுப் பிள்ளை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெரால்டுக்கு அங்கே விடுமுறை, வழக்கம்போல டீக்கடை போனுக்குக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி அவருடையது, ஒயரும் அவருடையது, அவர் சொல்வதை மாட்டிவிட்டுப் போ, நமக்கென்ன வந்தது, நாம் வாடகைக்கு இருக்கிறவர்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. தம்மாமில் தினமும் அப்படித்தான் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ சொன்னதை மாட்டிக்கொண்டு. அது தெரிந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் மதிவாணன் தனியாக வந்தான். அப்பாவைச் சமாளித்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த சுருளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அக்கா, நீங்க சொல்றது எனக்குத் தெரியும். அந்த வெல்டிங் கேபிளு எவ்வளவு தாங்கும்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். எட்டு வருஷமா அதைத்தான் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டிருக்கேன். வெயில்ல, மழையில, கப்பலோட வயித்துக்குள்ள. என் சொந்த வண்டிக்குள்ளயும் அது கிடக்கணுமா?"

விண்ணரசிக்கு அந்தப் பையன்மேல் இரக்கமாகிவிட்டது. அவன் தோளைப் பார்த்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. மிதியடிக்கு அடியில் போய்விடும் தம்பி, உன் கண்ணுக்கே தெரியாது என்றாள். தெரியாவிட்டாலும் இருக்கிறதே அக்கா என்றான். அப்புறம் எழுந்து போய்விட்டான். அப்பாவிடம் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு வருஷமாகப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறவன்தான், ஆனாலும் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டான். எத்தனை கடல் தாண்டினாலும் சில பேருக்கு வீட்டு வாசல்படி தாண்ட வராது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குவாலிஸ் வந்தது. கோவிந்தராசு இறங்கி, என்ன முடிவு என்று கேட்டார். டீக்கடையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம், சேதி பரவியிருந்தது. ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பணிவான பேச்சு ஒன்று விண்ணரசியிடம் இருந்தது. அவர் கேட்ட தோரணையைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"தாங்கும்னு நீங்க சொல்றீங்க, தாங்காதுன்னு நான் சொல்றேன். ரெண்டு பேரு பேச்சும் வேணாங்க. உங்க ஒயரையே கட்டுறேன். பாட்டை நல்லாச் சத்தமா விடச் சொல்லுங்க. ஒரு பாட்டு முடியற வரைக்கும் அந்த ஒயரைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. விட்டுட்டீங்கன்னா நான் சொல்ற ஒயரு. விடலன்னா கொட்டகையக் காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

கோவிந்தராசு விவரமான ஆள். பாதியில் நீ நிறுத்திவிட்டால் என்று கேட்டார். நிறுத்தினாலும் தோற்றது நான்தான் என்றாள். அவர் மேல்துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

பெட்டிகளைப் பின்பக்கம் இறக்கி வைத்து, பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரை வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் கொண்டுவந்து ஆம்ப்ளிபயரில் கட்டினாள். அவர் கொடுத்த ஒயர் மட்டும்தான், பியூஸ் போடவில்லை. மிச்சமிருந்த நீளத்தை நாலு சுற்றாக மடித்துக் கோவிந்தராசு வலது கைக்குள் பிடித்துக்கொண்டார். மதிவாணன் எஞ்சினை ஓடவிட்டு, திருவிழாவுக்குப் போடுகிற பாட்டு ஒன்றைப் போட்டான். ஆறு நிமிஷப் பாட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அடி. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

முதல் நிமிஷம் அவர் கூட்டத்தைப் பார்த்து நின்றார். இரண்டாவது நிமிஷம் தரையைப் பார்த்தார். மூன்றாவது நிமிஷத்தில் நெற்றி வேர்த்தது. இதோ விட்டுவிடுவார் என்று விண்ணரசி நினைத்தாள். அவள் போட்ட கணக்கு கரண்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. எந்தக் கையும் அந்தச் சூட்டைப் பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பிடிக்க முடியாததையும் சில பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது மறந்துபோயிற்று. அவளே அந்த ரகம்தான், அப்படியிருந்தும் மறந்துபோயிற்று.

நாலாவது நிமிஷத்தில் ஒயரின் மேல்தோல் இளகுகிற வாடை வந்தது. கோவிந்தராசுவின் உதடு வெளுத்துவிட்டது. ஆனாலும் விரல் பிரியவில்லை. மதிவாணன் பாட்டைக் குறைக்கக் கை வைத்தான். அவர் ஒரு பார்வை பார்த்தார், கையை எடுத்துக்கொண்டான்.

இன்னும் இரண்டே நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் அவர் விட்டுவிடலாம், விட்டால் கொட்டகை அவளுடையது, பெயர் அவளுடையது, டீக்கடை வாயெல்லாம் அடைந்துபோகும். விடாமலும் இருக்கலாம், அப்போது அந்தக் கை மண்வெட்டி பிடிக்க உதவாது. விண்ணரசி பேட்டரிப் பக்கம் ஓடி, ஒயர் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடுங்கினாள்.

பாட்டு பாதியில் நின்றது. ஒயர் அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. உரித்து எடுக்கையில் தோலும் கொஞ்சம் கூட வந்தது. குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை அப்படியே தூக்கி அவர் கைமேல் ஊற்றினாள். அவர் கையைக்கூடப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"நீதான் நிறுத்தின."

"ஆமாங்க. நான்தான் நிறுத்தினேன். தோத்துட்டேன். திங்கக்கிழமை சாவி வீட்டுக்கு வந்துடும். ஆனா இந்த ஒயரை மட்டும் இந்தக் கையால எந்த வண்டியிலயும் மாட்ட மாட்டேன்."

அவர்கள் போனதும் தட்டியை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். அவர்மேல் கோபமில்லை, தன் வாய்மேல்தான் கோபம். சும்மா இருந்திருக்கலாம், பந்தயம் பேசாமல் இருந்திருக்கலாம், பேசினதுதான் பேசினோம், நிறுத்தினால் தோல்வி என்றாவது ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் கிளிப்பைப் பிடுங்காமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தி, ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஜெரால்ட் அனுப்புகிறானே, போதாதா என்றார்கள். கோவிந்தராசு வீட்டில் போய் ஒரு வார்த்தை தாழ்ந்து பேசினால் மனசு இளகும் என்றார்கள். அவள் எல்லாருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள். மத்தியானம் ஜெரால்டே பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுவிட்டான், அதற்குள் சேதி கடல் தாண்டியிருந்தது. சொன்னேனா இல்லையா என்றான்.

"சொன்னீங்க. நான் கேக்கல. இனிமேயும் கேக்க மாட்டேன். அங்க சோறு ஆச்சா?"

திங்கட்கிழமை காலை சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டு, பெட்டியை டி.வி.எஸ். 50-யின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள். மீட்டரும் ஈயம் பற்றவைக்கும் கோலும் முன்பையில் இருந்தன. நேரே ரயிலடி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே ஒரு வேப்பமரம், அதன் கீழே எப்போதும் பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கும். கொட்டகைக்கு வண்டிதானே வந்தது, இனி நான் வண்டிக்கு வருகிறேன் என்று சொல்லிப் பெட்டியை இறக்கினாள். ஒரு டிரைவர், பந்தயத்தில் தோற்ற அக்கா வந்துவிட்டார்கள் என்று கிண்டலடித்தான். ஆமாம், தோற்றேன், உன் வண்டியில் பிரேக் லைட் எரியவில்லை, அதை முதலில் பார்க்கலாம் வா என்றாள். எரியத்தான் இல்லை. மத்தியானத்துக்குள் மூன்று வண்டி பார்த்தாள். சாயங்காலம் ஒரு செல்போன் வாங்கினாள். நம்பரைப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில், தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்கு எழுதினாள்.

கோவிந்தராசு வீட்டுக் கதை அவளுக்கு டிரைவர்கள் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. ஜெயித்துவிட்டு வந்தவருக்குச் சோறு பிசைய முடியவில்லை. அவர் மனைவி பிரகதாம்பாள் இரண்டு நாளாகச் சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் ஒருத்தன் எந்த ஒயரைக் கொடுத்தாலும் மாட்டித் தருகிறேன் என்றானாம், திங்கட்கிழமை காலையே வண்டியை அனுப்பக் கிளம்பினார்கள். பிரகதாம்பாள் வாசலில் நின்றுகொண்டு, பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். புருஷனுடைய கைக்கட்டைப் பிரித்து, பேரனைத் தூக்கிவந்து பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கை பட்ட சூட்டின் மேல்தான் இவனை உட்கார வைக்கப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டாராம். பேரன் அந்தக் கையைப் பார்த்து வீறிட்டு அழுதானாம். வண்டி கிளம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். விண்ணரசி ஒரு இண்டிகாவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். ஸ்டாண்டில் திடீரென்று பேச்சு நின்றது. தலையை வெளியே நீட்டினாள். குவாலிஸ் வந்து நின்றிருந்தது. மதிவாணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தான். கோவிந்தராசு இறங்கி வந்துகொண்டிருந்தார், வலது கை வெள்ளைத் துணிக்கட்டோடு நெஞ்சோடு சேர்ந்திருந்தது, இடது கையில் கொட்டகைச் சாவி. அவள் எழுந்து, கைகளைப் புடவைமேல் போட்டிருந்த சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கொட்டகை பூட்டித்தான் கிடக்கிறது, வந்து திறந்துகொள், வண்டியை அங்கே கொண்டுவந்து விடச் சொல்கிறேன், நாளைக்குக் காதுகுத்து என்றார். குரலில் பழைய தோரணை கொஞ்சம் பாக்கி இருந்தது. சாவியை நீட்டினார். டிரைவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

விண்ணரசி சாவியை வாங்கவில்லை. வாங்கிவிடலாம் என்று ஒரு நொடி கை துடித்தது உண்மை. அந்த இடமும், ஸ்டூலும், மேஜையும் அவளுக்கு அவ்வளவு பழக்கம். "பந்தயம் பந்தயம்தாங்க. தோத்துட்டு வந்த எடத்துக்கு நான் திரும்ப வர மாட்டேன். ஒயரு மாட்டணும்னா இங்கதான் மாட்டுவேன்." அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள். "எந்த ஒயருங்க?"

கோவிந்தராசு மகனைப் பார்த்தார். மதிவாணன் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், உதவிக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில் பன்னிரண்டு டிரைவர்கள், ஒரு பூக்காரி, ரயிலுக்குக் காத்திருந்த நாலு பேர். அறுபத்திரண்டு வருஷத்தில் சொன்னதை மாற்றிச் சொல்லாத மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொன்ன ஒயரு."

"பியூஸு?"

"அதுவும்தான்."

விண்ணரசி தலையாட்டினாள். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதை அவர் முன்னால் காட்டுவாளா? ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, கும்பகோணத்துக்குச் சவாரி போகும்போது வெல்டிங் கேபிள் ஆறு மீட்டர் வாங்கிவரச் சொன்னாள், உள்ளே செம்புதானா என்று சுரண்டிப் பார்த்து வாங்கச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று கோவிந்தராசுவிடம் சொன்னாள். அவர் உடனே மகனிடம் வண்டியை மரத்தடிக்கு, இண்டிகாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"முன்னால ரெண்டு வண்டி நிக்குதுங்க ஐயா. அதை முடிச்சுட்டுத்தான் உங்களுது. உக்காருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். உட்காரத் தோதாக இருந்தது மரத்தடியில் கிடந்த ஒரு பழைய லாரி டயர்தான். அவள் அதற்குள் இண்டிகாவுக்கு அடியில் போய்விட்டாள். பாசன சங்கத் தலைவர் கோவிந்தராசு, வேட்டியை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு, அந்த டயரின் மேல் உட்கார்ந்தார்.